உள்ளே வந்தது முழுவதும் வெளியே போக வேண்டும்

ஒரு கணினியை விலை கொடுத்து வாங்கியவனுக்கோ, கல்வியின் பொருட்டு அரசாங்கத்திடமிருந்து அதைப் பெற்றவனுக்கோ, அதனுள் எது இருக்கலாம், எது இருக்கலாகாது என்று தீர்மானிக்கும் பாத்தியதை பூரணமாக உண்டு என்பதை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பாத்தியதை நடைமுறையில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று அறிய விரும்புகிறவர்கள், சற்றுப் பெரிய வீடியோ கேம் ஒன்றைக் கணினியில் ஏற்றிச் சில மாதங்கள் ஆடிய பின், அதை அடியோடு நீக்க முயன்று பார்க்க வேண்டும். உள்ளே வருவதற்கு ஒரு பொத்தானும் யாரும் படிக்காத ஒரு சம்மதப் பத்திரமும் போதுமானவையாக இருந்தன. வெளியே அனுப்புவதற்கோ கண்ட்ரோல் பேனலிலிருந்து ரிஜிஸ்ட்ரி வரையில் அலைய வேண்டியிருக்கிறது. அவ்வளவும் செய்த பிறகும், எல்லாம் போய்விட்டது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய அத்தாட்சி எதுவும் உரியவன் கைக்கு வந்து சேருவதில்லை.

நெமிலிச்சேரியில் இது ஏதோ அபூர்வமான நிபுணர்களின் பிரச்சினையன்று. வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை ரயில் பாதையைக் கடந்து மீஞ்சூரை நோக்கித் திரும்பும் இந்தப் பிரதேசத்தில், கிழக்கே பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டிருக்கிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் வேலை செய்கிற குடும்பங்கள் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு குடியேறியிருக்கின்றன. அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மடிக்கணினி இருக்கிறது. அது பெரும்பாலும் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியதாகவோ, பழைய அரசாங்க லேப்டாப்பாகவோ, அண்ணன் வேலைக்குச் சேர்ந்த பின் தம்பிக்கு வந்து சேர்ந்ததாகவோ இருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சையோ பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையோ நெருங்குகிற மாதங்களில், இந்தக் கணினிகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் பழுதுபார்க்கும் கடைகளுக்கு வருவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். “தம்பி, இந்த கேமை அடியோட எடுத்துடுங்க, மறுபடி வரவே கூடாது” என்பது அவர்களுடைய கோரிக்கை. “ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டுடலாம்கா” என்பது கடைக்காரருடைய பதில்.

அந்தப் பதிலில் கடைக்காரருடைய குற்றம் எதுவும் இல்லை. மிச்சம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டு ஒரு கணினிக்கு இரண்டு மணி நேரம் செலவழிக்க அவருடைய கூலி இடம் கொடாது. வட்டு முழுவதையும் துடைத்துவிட்டால் விளையாட்டும் போய்விடும், வேறு வில்லங்கமும் இருக்காது. ஆனால் அந்தத் துடைப்பில் குடும்பத்தின் புகைப்படங்களும், பெண் எழுதி வைத்திருந்த கல்லூரி புராஜெக்டும், தகப்பனாரின் கணக்குகளும் சேர்ந்தே அழிந்துபோகின்றன. ஒரே ஒரு விளையாட்டை ஒழுங்காக நீக்குவதற்கு வழி இல்லாத காரணத்தால், வட்டையே அழிப்பது நம்முடைய சர்வ சாதாரணமான வைத்தியமாக ஆகிவிட்டது. இதைத்தான் நான் அநீதி என்று கருதுகிறேன்.

நீக்குவது இவ்வளவு சிரமமாக இருப்பதன் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டாஸ் காலத்தில் ஒரு விளையாட்டு அநேகமாகத் தனக்கென்று ஒரு டைரக்டரியை அமைத்துக்கொண்டு அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. அந்த டைரக்டரியை அழித்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது. விண்டோஸ் 95 வந்தபோது, நிரல்கள் தங்களைப் பற்றிய குறிப்புகளை எழுதி வைப்பதற்கு ரிஜிஸ்ட்ரி என்ற பொதுப் பதிவேடு பிரதானமாயிற்று. நிரல்களைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் கண்ட்ரோல் பேனலில் ஒரு பகுதியும் ஏற்பட்டது. அந்தப் பகுதியில் ஒரு பெயரைத் தேர்ந்து அன்இன்ஸ்டால் என்று அழுத்தினால் விண்டோஸே அதை நீக்குகிறது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியன்று. விளையாட்டைச் செய்த நிறுவனமே எழுதித் தன்னோடு கொண்டுவந்த நீக்கு நிரலை விண்டோஸ் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். எதை எடுக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்பது, பெரும்பாலான விளையாட்டுகளின் விஷயத்தில், வெளியேற வேண்டியவனுடைய மனச்சாட்சியைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

அந்த நீக்கு நிரல் வழக்கமாக எடுப்பது புரோகிராம் ஃபைல்ஸ் என்ற இடத்தில் உள்ள பெரிய உடலை. புரோகிராம் டேட்டாவிலும், பயனரின் பெயரில் உள்ள ஆப்டேட்டாவிலும், டாக்குமெண்ட்ஸிலும் சேர்ந்திருக்கும் அமைப்புகள், பதிவுகள், தற்காலிகக் கோப்புகள் ஆகியவை பல சந்தர்ப்பங்களில் அப்படியே இருந்துவிடுகின்றன. ஆடிச் சேமித்த நிலைகளை வேண்டுமென்றே விட்டுவைப்பதில் நியாயம் உண்டு. நூறு மணி நேரம் ஆடியவன் மறுபடி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பது நல்ல எண்ணமே. வேறு விளையாட்டுகளும் உபயோகிக்கும் பொதுப் பகுதிகளை எடுக்காமல் விடுவதிலும் நியாயம் உண்டு. கேட்காமல் விடுவதும், விட்டதைச் சொல்லாமல் விடுவதும்தான் நியாயமில்லாதவை.

பிடிவாதமான விளையாட்டுகளில் கணிசமானவை நம்முடைய அவசரத்தாலும் பிடிவாதம் பெறுகின்றன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கோபத்தில் முதலில் ஃபோல்டரை அழித்துவிடுகிறோம். அதற்குள் இருந்த நீக்கு நிரலும் அழிந்துவிடுகிறது. பிறகு பட்டியலில் மட்டும் பெயர் நின்றுகொண்டு, அழுத்தினால் கோப்பைக் காணோம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. இந்த நிலையில் மிகவும் சுலபமான பரிகாரம், விபரீதமாகத் தோன்றினாலும், அதே விளையாட்டை அதே இடத்தில் மறுபடி ஏற்றி, பிறகு முறைப்படி நீக்குவதுதான். அதற்கு வசதி இல்லாதவர்களுக்கு, சிதைந்துபோன பதிவுகளைச் சரிசெய்து நீக்க உதவும் ஒரு தனிக் கருவியை மைக்ரோசாஃப்ட்டே இலவசமாக வைத்திருக்கிறது. முறைப்படி என்று நான் சொல்வது, முதலில் விளையாட்டையும், கடிகாரத்தின் பக்கத்தில் சிறு சின்னமாக ஒளிந்துகொண்டு ஓடும் அதன் லாஞ்சரையும் டாஸ்க் மேனேஜர் வழியாக நிறுத்துவது. பிறகு விளையாட்டு, லாஞ்சர், ஏமாற்றுத் தடுப்பு நிரல் என்ற மூன்றும் பட்டியலில் தனித்தனிப் பெயர்களாக இருக்கின்றனவா என்று பார்த்து ஒவ்வொன்றாக நீக்குவது. கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்த பின்னரே மிச்சக் கோப்புகளைத் தேடுவது. ரிஜிஸ்ட்ரியில் கை வைப்பவர்கள் அதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வைக்காமல் கை வைக்கக் கூடாது. அங்கே தவறாக அழித்த ஒரு வரி கணினியையே எழுந்திருக்க விடாமல் செய்துவிடக்கூடும்.

மூன்றாவதாகச் சொன்ன ஏமாற்றுத் தடுப்பு நிரலைப் பற்றித்தான் அதிகமாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில், சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியைக் காட்டுவதும், குறி தவறாமல் சுடுவதுமான கள்ள நிரல்களை உபயோகிப்பவர்களைப் பிடிப்பது அதன் வேலை. கள்ள நிரல் இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல் வரை இறங்கிவிட்டபடியால், காவல் நிரலும் அங்கே இறங்கியது. 2020இல் ரயட் நிறுவனம் வெளியிட்ட வேலரன்ட் விளையாட்டின் வேன்கார்ட் என்ற தடுப்பு நிரல், விளையாட்டைத் திறக்கும்போது அல்ல, கணினி உயிர்பெறும்போதே தானும் எழுந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டது. விளையாட்டை மட்டும் நீக்குகிறவர்கள் வேன்கார்டைத் தனியாக வேறு நீக்க வேண்டும். அந்த நிறுவனம் இதை மறைத்ததென்று சொல்ல முடியாது. அதன் பெயர் பட்டியலில் பகிரங்கமாகவே இருக்கிறது. ஆனால் விளையாட்டை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியடைந்த ஒரு தாய், வேன்கார்ட் என்ற அந்நியமான பெயருக்கும் தன் மகனுடைய துப்பாக்கி விளையாட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எவ்வாறு ஊகிப்பாள்? வாடகைக்கு இருந்தவர் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார், ஆனால் பூட்டைத் திறக்கும் ஒரு சாவி இன்னும் அவரிடமே இருக்கிறது என்றால், அந்த வீடு காலியாகிவிட்டதாக எந்த வீட்டுக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அடித்தளத்தில் தங்கும், டிரைவர் எனப்படும் இப்படிப்பட்ட நிரல்கள் வெறும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பவை என்றால் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. பழைய விளையாட்டு சிடிக்களைத் திருட்டுப் பிரதியிலிருந்து காப்பதற்காக ஏற்பட்ட சேஃப்டிஸ்க் என்ற ஏற்பாட்டின் டிரைவர் விண்டோஸோடு கூடவே கொடுக்கப்பட்டு வந்தது. அதில் இருந்த ஓட்டையின் வழியாக அந்நியர்கள் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று தெரியவந்து, 2007 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவே மறுத்துவிட்டது. கென்ஷின் இம்பேக்ட் என்ற பிரசித்தமான விளையாட்டின் தடுப்பு டிரைவரை, பணயம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல் ஒன்று கைக்கருவியாகக் கொண்டு வைரஸ் தடுப்பு நிரல்களை நிறுத்திய விவரத்தை 2022 ஆகஸ்டில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளியிட்டது. அந்த விளையாட்டே இல்லாத கணினிகளிலும் அந்த டிரைவர் கோப்பை மட்டும் கொண்டுவந்து வைத்து இந்தக் காரியத்தைச் செய்ய முடிந்தது. ஏனெனில் அதற்கு முறையான கையொப்பச் சான்று இருந்தது, விண்டோஸ் அதை நம்பியது. கெர்னல் மட்டத்தில் ஓடும் நிரல் ஒன்று பிழைபட்டால் என்ன நேரும் என்பதை, 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்பினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கிப் போன அன்று, நம் விமான நிலையங்களில் வரிசையில் நின்ற பயணிகள் கண்கூடாகக் கண்டார்கள். அது விளையாட்டு நிரல் அன்று. பொறுப்புள்ள ஒரு பாதுகாப்பு நிறுவனத்தினுடையது. அதற்கே இந்தக் கதி நேருமானால், பொழுதுபோக்குக்காக உள்ளே விட்ட ஒன்று பொழுது போன பின்னும் அந்த இடத்தில் தங்கியிருப்பதை எந்த நியாயத்தால் அனுமதிப்பது?

குறையாக நீக்குவது ஒரு தீமை என்றால், மிகையாக நீக்குவது அதனினும் பெரிய தீமை. 1998 டிசம்பரில் பங்கி நிறுவனம் தன்னுடைய மித் 2 என்ற விளையாட்டைக் கடைகளுக்கு அனுப்பிவிட்ட பிறகு, அதன் நீக்கு நிரலில் ஒரு பயங்கரமான பிழையைக் கண்டுபிடித்தது: விளையாட்டை வழக்கமான ஃபோல்டரில் அல்லாமல் வட்டின் வேரான ரூட் டைரக்டரியில் ஏற்றியிருந்தால், நீக்கும்போது வட்டில் உள்ள சகலமும் அழிந்துவிடும். அந்த நிறுவனம் சுமார் 8 லட்சம் டாலர் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு பிரதிகளைத் திரும்ப வரவழைத்துக்கொண்டது. இதை நான் வியந்து சொல்கிறேன். வாங்கியவனுடைய வட்டில் உள்ளது அவனுடைய சொத்து என்ற மரியாதை அந்தச் செயலில் இருந்தது. 2007 டிசம்பரில் ஈவ் ஆன்லைன் என்ற விளையாட்டின் புதுப்பிப்பு ஒன்று, தன்னுடைய கோப்பு என்று நினைத்து விண்டோஸ் எழுந்திருப்பதற்குத் தேவையான அதே பெயருள்ள கோப்பை அழித்துவிட்டதும் இந்த வகையைச் சேர்ந்ததே. நீக்கு நிரல் எழுதுவது கடைசி நாளில் யாரோ ஒரு புதியவரிடம் தள்ளிவிடக்கூடிய அற்பக் காரியம் அல்ல என்பதற்கு இவை போதும்.

இதில் அரசாங்கம் தலையிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் காட்டலாம். 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசைத் தட்டுகளில், பிரதி எடுப்பதைத் தடுக்கும் நிரல் ஒன்றைக் கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து ஏற்றிவந்ததை மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அம்பலப்படுத்தினார். அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தோடு 2007 ஜனவரியில் செய்துகொண்ட உடன்பாட்டில், சம்மதம் பெறாமல் இத்தகைய நிரலை ஏற்றக் கூடாது என்பதோடு, உரியவர் அதைக் கண்டுபிடிக்கவும் நீக்கவும் முடியாதபடி தடுக்கவும் கூடாது என்று விதித்தது; நீக்கும் முயற்சியில் கணினி கெட்டுப் போனவர்களுக்கு 150 டாலர் வரை ஈடு கொடுக்கவும் செய்தது. இசைக்கு விதித்ததை விளையாட்டுக்கு விதிக்க என்ன தடை இருக்க முடியும்?

அவ்வளவு தூரம் போவானேன்? 2011 செப்டம்பர் 15 அன்று, நெமிலிச்சேரியைக் கடந்து செல்லும் இதே ரயில் பாதையில் மேற்கே திருவள்ளூரை அடுத்த காக்களூரில், தமிழக அரசு தன் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. டெபியனை ஆதாரமாகக் கொண்டு சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது அது. அதில் ஒரு நிரலை ஏற்றும்போது, எந்தெந்தக் கோப்பு எந்தெந்த இடத்தில் வைக்கப்பட்டது என்ற பட்டியலை இயங்குதளமே எழுதி வைத்துக்கொள்கிறது. நீக்கும் வேலையையும் அதுவே செய்கிறது. நிரலை மட்டும் எடுத்து அமைப்புகளை விட்டுவைப்பதற்கு ரிமூவ் என்ற ஒரு கட்டளையும், அமைப்புகளையும் சேர்த்து எடுப்பதற்கு பர்ஜ் என்ற மற்றொரு கட்டளையும் உண்டு. பயனரின் சொந்த ஃபோல்டரில் சேர்ந்தவற்றை அதுவும் தொடுவதில்லை என்ற குறை உண்டுதான். எனினும், உரியவரைக் கேட்டு, அவர் சொன்ன அளவுக்கு நீக்குவது என்ற தர்மம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. விளையாட்டுகள் ஓடவில்லை என்ற ஒரே காரணத்தால் நம் பிள்ளைகளில் மிகப் பலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. காக்களூரில் கொடுத்தபோதே அதை உபயோகிக்கக் கற்றுக்கொடுக்கவும் ஏற்பாடு செய்திருந்தால், நீக்குதல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரியைக் கண்ட தலைமுறையாக அது வளர்ந்திருக்கும்.

திருட்டுப் பிரதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைசா கொடுக்காமல் இறக்கிய விளையாட்டுக்குப் பட்டியலில் பெயரே இருக்காது. பெயர் இருந்தாலும் அதோடு கூட வந்தது எது என்று யாருக்கும் தெரியாது. கிராக் செய்த விளையாட்டுகளோடு ஒட்டிக்கொண்டு வந்து, வைரஸ் தடுப்பையும் விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திவிட்டு, அந்தக் கணினியின் உழைப்பைக் கொண்டு கிரிப்டோ நாணயம் தோண்டிய கிராக்கோனோஷ் என்ற நிரல், உலகெங்கும் 2,22,000 கணினிகளுக்கு மேல் தொற்றியிருந்ததாக அவாஸ்ட் நிறுவனம் 2021 ஜூனில் அறிவித்தது. இந்தியாவும் அந்த நாடுகளில் ஒன்று. இப்படிப்பட்ட கணினிக்கு மட்டுமே ஃபார்மட் என்பது உரிய வைத்தியம். அப்போதும் சொந்தக் கோப்புகளைத் தனியே எடுத்துப் பரிசோதித்து வைத்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

நமது நாட்டுச் சட்டத்தில் இதற்கான வித்து ஏற்கெனவே ஊன்றப்பட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தன் தரவுகளைக் கையாளச் சம்மதம் கொடுத்தவர் அதை எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம் என்றும், கொடுத்தபோது எவ்வளவு சுலபமாக இருந்ததோ ஏறக்குறைய அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறுவதும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை மயக்கும் 13 வகைத் தந்திரங்களைத் தடுக்கின்றன. சந்தாவில் சேர்வதைச் சுலபமாக்கி விலகுவதைக் கடினமாக்குவது அவற்றில் ஒன்று. தரவுக்கும் சந்தாவுக்கும் ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தை, வட்டில் வந்து உட்காரும் நிரலுக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டும், தான் ஏற்றுகிற டிரைவர், சர்வீஸ், கோப்பு ஆகியவற்றின் பட்டியலை ஏற்றும்போதே காட்டட்டும். நீக்கும்போது அந்தப் பட்டியலை மறுபடி காட்டி, சேமித்த நிலைகளை வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டு, மற்றவற்றை எடுத்துவிட்டு, எடுத்தவற்றின் விவரத்தைத் தரட்டும். கெர்னலில் இறங்கியதாக இருந்தால், விளையாட்டு போகும்போது தானும் போவது நிபந்தனையாக இருக்கட்டும்.

கணினியிலிருந்து நீக்குவதும் கணக்கை மூடுவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். விளையாட்டு போன பின்னும் பிள்ளையின் பெயரும், பிறந்த தேதியும், சில சமயம் தகப்பனாரின் கார்டு எண்ணும் அந்த நிறுவனத்தின் கணக்கில் இருந்துகொண்டேயிருக்கும். கணக்கை மூடக் கோரிக்கை அனுப்பினாலன்றி அவை போவதில்லை. விளையாட்டுக்கு அடிமையாகும் கோளாறை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் அமலுக்கு வந்திருக்கிறது. எனவே தாய்மார்களின் பயம் காரணமற்றதென்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஃபார்மட் செய்துவிட்டு வருவதால், அவன் அன்று இரவே மறுபடி இறக்கிக்கொள்வதைத் தடுக்க முடியாது. அவனையே பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கையாலேயே ஒவ்வொன்றாக நீக்கச் செய்தால், தன் கணினியில் எது எங்கே இருக்கிறது என்று அறிந்தவனாக அவன் எழுந்திருப்பான். சேமித்த ஆட்டத்தைப் பரீட்சை முடியும் வரை ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்தி வைக்கவும் அவனுக்கு அனுமதி கொடுக்கலாம்.

சட்டம் வரும் வரை காத்திருக்காமல் மாநில அரசு உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக 2025 மார்ச்சில் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்குகிற அரசின் சொல்லுக்குச் சந்தையில் எடை உண்டு. கூடவே ஏற்றித் தரப்படும் நிரல் எதுவாக இருந்தாலும், அது மிச்சமின்றி நீக்கப்படக்கூடியது என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைக் கொள்முதல் நிபந்தனைகளில் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு கணினியோடும், தமிழில், ஒரு நிரலை முறைப்படி நீக்கும் விதத்தையும் சொந்தக் கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்கும் விதத்தையும் சொல்லும் நான்கு பக்கக் கையேடு ஒன்று தரலாம். அந்தக் கையேட்டின் ஒரு பிரதி நெமிலிச்சேரியிலும் திருநின்றவூரிலும் உள்ள பழுதுபார்க்கும் கடைகளுக்கும் போய்ச் சேரட்டும்.